தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை வரை ஒரே நாளில் சைக்கிளில்: புதிதாகப் போகிறவர்களுக்கு

டெல்டாவில் மேடு பள்ளம் கிடையாது, நூறு கிலோமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் பலரும் கிளம்புகிறார்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர், கோடியக்கரை கடலோரம். இடையில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான். ஆனால் ஏற்றம் இல்லாத ஊரில் இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஏழெட்டு மணி நேரம் காலுக்கு ஓய்வில்லை, உட்கார்ந்த இடத்துக்கும் ஓய்வில்லை. மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிர்க்கும். கோடியக்கரைச் சரணாலயக் காட்டைப் பார்க்க மாலை வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். நடுவழியில் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றுகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் காலையில் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டதுதான் காரணமாக இருக்கும்.

ஒரே மூச்சில் 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்காக எழுதியது இது. அந்தப் பழக்கம் இல்லையென்றால் மன்னார்குடியில் ஒரு இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, தை நடுவிலிருந்து மாசி முடிய உள்ள காலம்தான் சரியானது. சம்பா அறுவடை நடக்கும், மழை விட்டிருக்கும், கோடியக்கரையில் வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும். மற்ற மாதங்களின் கதை இது:

ஐப்பசி, கார்த்திகை: வயல் பச்சைப் பசேலென்று இருக்கும், படத்துக்கு அழகு. ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். சாலையில் தண்ணீர் நிற்கும், ஆற்றங்கரை உடையும், புயல் சின்னம் வந்தால் கரையோரம் முழுக்க முடங்கும். வேண்டாம்.

ஆனி, ஆடி: மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். நீர்வரத்து நன்றாக இருந்தால் ஆறுகளில் தண்ணீர் ஓடும், குறுவை நட்டிருப்பார்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் முதுகில் தள்ளும். வெயில் மட்டும் தாங்காது. காட்டில் பூநாரையையும் எதிர்பார்க்க முடியாது.

பங்குனி முதல் வைகாசி வரை: வெறும் தரிசும் அனலும். பேசவே வேண்டாம்.

தையிலும் ஒரு நாளை விலக்குங்கள்: தை அமாவாசை. தர்ப்பணம் கொடுக்கவும் கடலாடவும் வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் கூட்டம் அள்ளும். அறை கிடைக்காது, வேதாரண்யத்திலிருந்து உள்ளே போகும் சாலை முழுக்க வேனும் பஸ்ஸுமாக இருக்கும். நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். மாசி மகத்தை ஒட்டி வேதாரண்யம் கோயில் திருவிழாவும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தடமும் தூரமும்

தஞ்சாவூர் – வடுவூர்: சுமார் 25 கி.மீ.
வடுவூர் – மன்னார்குடி: சுமார் 14 கி.மீ.
மன்னார்குடி – கோட்டூர் – திருத்துறைப்பூண்டி: சுமார் 29 கி.மீ.
திருத்துறைப்பூண்டி – வேதாரண்யம்: சுமார் 35 கி.மீ.
வேதாரண்யம் – கோடியக்கரை: சுமார் 11 கி.மீ.

கூட்டினால் 114. ஆனால் இரவு தங்க வேதாரண்யத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதால் 125 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி 11 கிலோமீட்டரைக் கணக்கில் விடுவதுதான் முதல்முறை போகிறவர்களின் வழக்கமான தவறு.

மொபைல் மேப்பில் பைக் வழி என்று போட்டால் அது உங்களை ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் இழுக்கும். தூரம் குறைவாகக் காட்டும். அந்தக் கரைத்தடம் ஏதாவது ஒரு சட்ரஸில் (தண்ணீரைத் திறந்து மூடும் மதகுக் கதவு) போய் முடியும், மதகு மேல் ஆள் நடக்கிற அகலத்துக்குமேல் இருக்காது. காய்ந்த நாளில் வெண்ணாற்றங்கரையிலோ பாமணியாற்றங்கரையிலோ ஆசைக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டலாம், நிழலும் கிடைக்கும். முழு வழியையும் கரையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், தடுப்பு எதுவும் கிடையாது.

3. வண்டியைத் தயார் செய்வது

கியர் எத்தனை என்பதை இங்கே யோசிக்கவே வேண்டாம். டயர்தான் முக்கியம். 35 முதல் 38 மி.மீ. அகல டயர் இந்தச் சாலைக்குப் பொருந்தும். 70 கிலோ எடையுள்ளவருக்கு காற்றழுத்தம் முன்சக்கரத்தில் 45–50 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்தில் 55–60 போதும். மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு வழுவழு டயர் போட்டால் பாதிப் பாடு குறையும்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு முள்: சீமைக்கருவேலம், நெருஞ்சி. கருவேல முள் உள்ளே போனதும் நுனி ஒடிந்து டயரிலேயே தங்கிவிடும். டியூபை மட்டும் மாற்றிக் காற்றடித்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும், இடுக்கியால் பிடுங்குங்கள். விரலை விட்டுத் தடவ வேண்டாம், குத்திவிடும்.

வழியில் எல்லா ஊரிலும் பஞ்சர் கடை உண்டு. ஆனால் அங்கே புதுவகைச் சைக்கிள்களுக்கான 700 சி டியூப் கிடைக்காது. கிடைப்பது பழைய பெரிய சைக்கிளுக்கான 28 × 1½ டியூபும் 26 இஞ்ச் டியூபும்தான். 28 × 1½ டியூப் உங்கள் 35–38 மி.மீ. டயருக்குள் நன்றாகவே அடங்கும். சிக்கல் காற்றடிக்கும் வால்வு மூக்கில்தான்: ரிம்மில் உள்ள துளை 6.5 மி.மீ. என்றால் (மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கானது) நாட்டு டியூபின் தடித்த மூக்கு நுழையாது. துளை 8.5 மி.மீ. என்றால் நுழையும். வீட்டிலேயே அளந்து பாருங்கள். பிரெஸ்டா வால்வு இருந்தால் பித்தளை கன்வெர்ட்டர் இரண்டு வாங்கி ஒன்றைப் பையிலும் ஒன்றை வால்வு மேலேயே திருகியும் வையுங்கள். அது இல்லாமல் கடைக்காரரின் பம்பு உங்கள் வண்டிக்கு வேலை செய்யாது.

பையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, ஒட்டும் பேட்சும் சொல்யூஷனும், டயர் லீவர் மூன்று, கைப்பம்பு, 4–5–6 ஆலன் கீ, செயின் டூல், செயினுக்கு ஒரு குவிக் லிங்க், பிரேக் கட்டை ஒரு ஜோடி, செயின் எண்ணெய் சிறிய புட்டி, கேபிள் டை பத்து. பழைய டூத் பிரஷ் ஒன்றும் பனை ஈர்க்கு நாலும். ஏன் என்பது ஆறாவது பகுதியில் வரும்.

மட்கார்டு போட்டிருந்தால் டயருக்கும் அதற்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். சாமான் மொத்தம் ஆறு கிலோவைத் தாண்ட வேண்டாம், முதுகில் எதுவும் சுமக்க வேண்டாம். பின்கேரியரில் இருபக்கப் பை போதும்.

உட்காரும் இடம்: பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்கள், அதற்குள் ஜட்டி வேண்டாம். தையல் உரசித்தான் தோல் கிழிகிறது. வாசலின் தடவிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். இறக்கமில்லாத தடத்தில் உடம்புக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான். வலி தொடங்கிய பிறகு எழுந்து நின்று பயனில்லை.

4. சைக்கிளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவருவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் வசதி. தஞ்சாவூரோடு நின்றுவிடும் வண்டி என்பதால் இறக்க அவசரப்படுத்த மாட்டார்கள். இடை ஸ்டேஷன்களில், அதுவும் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நிற்கும் இடங்களில், பார்சல் ஏற்றி இறக்க மறுப்பார்கள். இதைத் தெரியாமல் சின்ன ஸ்டேஷனுக்கு புக் செய்யப் போய் அலையாதீர்கள்.

செய்ய வேண்டியது: வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னதாகப் பார்சல் அலுவலகத்துக்குப் போங்கள். அதே ரயிலில் உங்களுக்கு டிக்கெட் இருந்தால் "லக்கேஜ்" என்று புக் செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் உங்களோடு வரும். "பார்சல்" என்று புக்கானால் இடம் இருக்கிற வண்டியில் ஏற்றுவார்கள், நாளைக்கும் வரலாம். டிக்கெட், ஆதார் இரண்டின் நகலும் கேட்பார்கள். ஃபார்வர்டிங் நோட் படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும்.

லைட், பம்பு, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெடலைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பின்சக்கரத்தில் கியர் மாற்றும் பாகமான டிரெயிலியரைச் சுற்றி அட்டை கட்டுங்கள், உடைவது அதுதான். பெயர், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், போன் நம்பர் நான்கையும் அட்டையில் மார்க்கரால் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஏற்றும்போது கூட நில்லுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தாமல் சுவர்ப்பக்கம் சாய்த்துக் கட்டச் சொன்னால் செய்வார்கள்.

பயணத்துக்கு முந்தின நாளே தஞ்சாவூர் வந்துவிடுங்கள். இரவு ரயிலில் தூங்காமல் வந்து அதே காலையில் மிதிப்பது வீண் பிடிவாதம்.

5. காகிதங்களும் ரொக்கமும்

ஆதார் அசலும் இரண்டு நகலும் (விடுதிக்கும் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கும்), சைக்கிள் வாங்கிய ரசீதின் நகல், அடிச்சட்ட எண்ணின் போட்டோ. காணாமல் போனால் போலீஸில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கோடியக்கரையில் வனத்துறை ஓய்வு விடுதியில் தங்க விரும்பினால் நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். நேரே போய்க் கேட்டால் கிடைக்காது. இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. புக் செய்யும்போதே "சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா" என்று கேளுங்கள்.

ரொக்கமாக 2,000 ரூபாய், அதில் பாதியாவது பத்தும் இருபதும் ஐம்பதுமாக. டீக்கடையில் யு.பி.ஐ. இருக்கிறது, சிக்னல் இல்லாத நேரமும் இருக்கிறது. சாப்பாடு, டீ, இளநீர் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் தாராளம். வண்டி கைவிட்டால் குட்டியானை (சின்ன லோடு வண்டி) பிடிக்க வேண்டியிருக்கும், அதற்குத் தனியே 3,000 ரூபாய் வங்கியில் இருக்கட்டும். வாடகையை ஏறும் முன்பே பேசி முடியுங்கள், திரும்பிப்போகும் காலி ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். நியாயமானதுதான்.

6. புறப்படும் நாளின் மணிக்கணக்கு

காலை 5.30: தஞ்சாவூர். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் எழும். முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேல்சட்டை மூன்றும் கட்டாயம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது டெல்டா வயல்வெளிக்கு அப்படியே பொருந்தும். ஏழரை வரை நூறடிக்கு அப்பால் தெரியாத நாளும் உண்டு. பனி அடர்ந்தால் நிறுத்தி டீ குடியுங்கள், ஓட்டாதீர்கள்.

7.00: வடுவூர். ஏரியில் பறவைகளைப் பார்க்கக் கால்மணி நேரம், அதற்குமேல் இல்லை. நல்ல ஏரி, இன்னொரு நாள் தனியாக வரலாம்.

8.00–8.40: மன்னார்குடி. வயிறாரச் சாப்பிடுங்கள். அடுத்த நல்ல சாப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. நாலு இட்லியோடு நிறுத்தாமல் ஒரு பொங்கலும் சேருங்கள். இடையில் கொறிக்கக் கடலைமிட்டாய், வாழைப்பழம்.

10.45: திருத்துறைப்பூண்டி. நீங்கள் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டிய நேரம் இது ஒன்றுதான். 11.30-க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தால் அன்றைக்குக் கோடியக்கரையை விட்டுவிடுங்கள். வேதாரண்யத்தில் தங்கி மறுநாள் விடியலில் காட்டுக்குப் போகலாம். மான் பார்க்க அதுவே நல்ல நேரம்கூட.

இங்கே மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. அடிபம்பை நம்ப முடியாது. ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடுவது வயலுக்கு அடித்த மருந்தும் உரமும் கலந்த தண்ணீர், முகம் கழுவலாம், குடிக்கக் கூடாது. ஒரு லிட்டரில், ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்து வையுங்கள். அரைப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் போடாதீர்கள், அளவு மாறினால் மருந்து மருந்தாக இருக்காது.

11.15–2.00: கரியாப்பட்டினம், கருப்பம்புலம் வழியே வேதாரண்யம். இதுதான் கடினமான பகுதி. தையில் வாடைக்காற்று இடது கன்னத்தில் அடிக்கும், பதினொரு மணிக்கு மேல் கடற்காற்றும் சேரும். மணிக்கு 17 போனவர் 13-க்கு இறங்குவார். அது சோர்வு இல்லை, காற்று. வேகத்தைப் பிடிக்க முயலாமல் ஒரு கியர் குறைத்துச் சீராக மிதியுங்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் ஒருவர் பின் ஒருவராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறுங்கள். போகப்போகக் களிமண் போய் மணல் வரும், நெல் குறைந்து மாவும் தென்னையும் மல்லிகைத் தோட்டமும் தெரியும். அப்போது வேதாரண்யம் அருகில்தான்.

3.00: சாப்பிட்டு, லாட்ஜில் சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு கோடியக்கரை.

சாலையில் என்னென்ன தவறாகப் போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லும் முள்கிளையும் வைத்திருப்பார்கள். நெல்மேல் ஏற்றாதீர்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு, அதோடு காய்ந்த நெல்மேல் டயர் பால்ரஸ் மேல் போவதுபோல் வழுக்கும். வைக்கோல் இன்னும் மோசம்: பின் பல்சக்கரத்துக்கும் டிரெயிலியரின் சிறிய சக்கரங்களுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு இறுகும். "கரக்" என்று சத்தம் வந்ததும் மிதிப்பதை நிறுத்துங்கள். ஒரு மிதி கூட மிதித்தால் டிரெயிலியர் வளைந்து ஆரக்காலுக்குள் போய்விடும். வண்டியைக் கவிழ்த்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ஈர்க்கால் வைக்கோலை இழுத்தெடுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும், பின்விளக்கு இருக்காது. இருட்டில் கிளம்பும்போது இதை நினைவில் வையுங்கள். அறுவடை எந்திரம் எதிரே வந்தால் அது சாலை முழுக்க அடைக்கும், முன்னதாகவே இறங்கி நின்றுகொள்ளுங்கள். தார் ஓரத்திலிருந்து சக்கரத்தை நழுவவிட்டு ஓட்டியபடியே இறங்குவதுதான் ஆளைக் கீழே தள்ளும்.

மழைத் தூறல் விழுந்த பிறகு மண்கரையில் கால் வைக்காதீர்கள். டெல்டாக் களி இருபது மீட்டருக்குள் மட்கார்டை அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். அடைத்துவிட்டால் தள்ளாதீர்கள், தூக்கித் தாருக்குக் கொண்டுவந்து ஈர்க்காலும் பிரஷாலும் எடுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஊற்றி, காயும் முன் எடுத்தால் சுலபம்.

நாய் துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பத்தடியில் விட்டுவிடும்.

7. காட்டில்

அகத்தியம்பள்ளி தாண்டும்போது உப்பளங்கள், பிறகு கோடியக்காடு, பிறகு கோடியக்கரை. 1967-ல் சரணாலயமான காடு இது. உலர் பசுமைமாறாக் காடு என்பதால் வானளாவிய மரங்களை எதிர்பார்க்காதீர்கள். பாலை மரமும் புதரும் அடர்ந்து, உள்ளே பத்தடிக்கு அப்பால் தெரியாமல் நிற்கும் காடு. வெளிமான் அந்த அடர்த்திக்குள் இருக்காது, திறந்த புல்வெளியில் மேயும். மட்டக்குதிரைகளும் அங்கேதான்.

சாவடியில் பெயர் எழுதி, கட்டணம் கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சைக்கிளை எந்தத் தடம் வரை விடுவார்கள் என்பதை அங்கேயே கேட்டு, அதன்படி நடங்கள். மண் தடத்தில் மணல் ஆழம், 35 மி.மீ. டயர் புதையும். தள்ள வேண்டியிருக்கும். ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக், டிரோன், பாட்டு ஸ்பீக்கர் மூன்றும் கூடாது.

குரங்குத் தொல்லை நிஜம். ஹேண்டில் பையில் வாழைப்பழம் வைத்துவிட்டு ஐந்தடி நகர்ந்தால் பையோடு போகும். சாப்பாட்டை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே தண்ணீர் மட்டும்.

5.15-க்குத் திரும்புங்கள். ஆறு மணிக்கு மேல் மானும் காட்டுப்பன்றியும் சாலையைக் கடக்கும். உங்கள் விளக்கு வெளிச்சத்தில் அவை திகைத்து நிற்கும், உங்களுக்கும் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

8. முத்துப்பேட்டையையும் சேர்க்கலாமா?

கூடாது. அலையாத்திக் காடு படகில் போய்ப் பார்க்கும் இடம். சைக்கிளைக் கரையில் விட வேண்டும், வனத்துறை அனுமதியும் படகும் ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கே அரை நாள் போய்விடும். திருத்துறைப்பூண்டியில் தங்கி மறுநாள் தனியாகப் போங்கள். அங்கே போனால் ஒன்று மட்டும்: தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

9. அன்றிரவும் திரும்புவதும்

லாட்ஜுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் சைக்கிளைக் குளிப்பாட்டுங்கள். உப்பளக் காற்றில் வந்த வண்டி, ஒரே இரவில் செயினில் துரு காட்டும். நல்ல தண்ணீரை வாளியில் ஊற்றிக் கழுவி (பீய்ச்சி அடிக்க வேண்டாம், பேரிங்குக்குள் போகும்), துடைத்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விடுங்கள்.

திரும்புவதற்கு: அகத்தியம்பள்ளி – திருத்துறைப்பூண்டி அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறந்தது. வண்டிகள் மிகக் குறைவு, நேரத்தை முந்தின நாளே 139 என்ற ரயில்வே விசாரணை எண்ணிலோ ரயில்வே செயலியிலோ பாருங்கள். சைக்கிளை ஏற்றக் கார்டின் சம்மதம் வேண்டும், எனவே இதை மட்டும் நம்பி அன்றிரவு ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். அரசு பஸ்ஸில் டிக்கி இருந்து, கண்டக்டர் ஒப்புக்கொண்டால் லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றுவார். அதிகாலைப் பஸ்ஸில் கேட்டால் வாய்ப்பு அதிகம், பள்ளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று பேர் இருந்தால் தஞ்சாவூர் வரை குட்டியானை பிடிப்பதே மலிவு.

தஞ்சாவூரில் மறுபடி அதே பார்சல் அலுவலகம், அதே படிவம். ஊருக்குப் போய் வண்டியை எடுக்க அசல் ரசீது வேண்டும், போட்டோ காட்டினால் தரமாட்டார்கள். வந்து இறங்கியதும் எடுத்துவிடுங்கள், நேரம் கடந்தால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.